கொம்பில்லாத போர்டு

மூன்றாவது முறையாகவும் அந்தப் பெட்டியைக் கணவன் தள்ளி வைத்தான்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் விடவில்லை. விலை ஒன்றுதான், இதில் கூடுதல் வசதி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தில் மதர்போர்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கொம்புகள் நின்றன. அவன் அதை ஏறிட்டும் பார்க்காமல் பழைய மாடலையே எடுக்கச் சொன்னான்.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பனியன் வாங்கினால் கைக்குட்டை இனாமா என்று கேட்கிற மனிதன் இவன். சும்மா கொடுப்பதை வேண்டாம் என்கிறான். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது?

அவளுக்குச் சட்டை தைக்கும் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. நூல் தவறிய இடத்தில் விரல் தானாக நிற்கும். கல்யாணமான பிறகு அந்த விரலுக்கு வீட்டிலும் ஓய்வில்லை. ஓய்வெடுக்க அவன் விடவும் இல்லை.

போனில், நெட் வழியாகப் பணம் வைத்துச் சீட்டாட்டம். முதலில் பொழுதுபோக்கு என்றான். பிறகு அவள் வளையல் போனது. பிறகு மகளின் படிப்புக்கு என்று வைத்திருந்ததும் போனது. மகள் மேல் ஆணையாக விட்டுவிட்டேன் என்று இரண்டு தடவை சொன்னான், இரண்டு தடவையும் மறுபடி உட்கார்ந்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அவளுக்கு வாய்த்த பூனைக்கு அடுப்பிலேயே படுக்கை.

இப்போது எட்டு மாதமாகப் பட்டன் போன் வைத்திருக்கிறான். எட்டு மாதமாக வேலை முடிந்து வந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக், கை சும்மா இருந்து பழக்கமில்லை.

போன வாரம்தான் மெல்ல ஆரம்பித்தான். பாகம் பாகமாக வாங்கித் தானே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறானாம். கார் ஓட்டுகிற விளையாட்டாம், கோட்டை கட்டுகிற விளையாட்டாம்.

அவள் சரி என்றாள். சொன்ன கையோடு அக்காவுக்குப் போன் போட்டுப் பின்னறையைக் காலி செய்து வைக்கச் சொன்னாள். இன்னொரு தடவை என்றால் மகளோடு கிளம்பிவிடுவதாக முடிவு. அந்த இன்னொரு தடவை வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் கூடவே கடைக்கு வந்திருந்தாள்.

அவன் எழுதி வந்த சீட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்தாள். பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. மதர்போர்டு வரியில் மட்டும் ஐந்து பெயரை எழுதி ஐந்தையும் அடித்திருந்தான். பிரித்துத் தைத்த இடம் அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அங்கே என்ன கிழிந்திருக்கிறது என்றுதான் புரியவில்லை.

வாங்கிய பாகங்களை மேசைமேல் இணைத்து ஓட்டிப் பார்த்துத் தருவது அந்தக் கடையின் வழக்கம். கடைக்காரர் பில் போடத் திரும்பியதும் அவன் சத்தமில்லாமல் கடையின் பின்னறைக்கு நழுவினான்.

அவளும் போனாள். கதவோரம் அடுக்கியிருந்த பிரிண்டர் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றாள். ஒட்டுக்கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நின்றாள்.

அவன் குனிந்து ஏதோ கேட்டான். வழுக்கைத் தலை சர்வீஸ்காரர், இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை, வாரண்டி போய்விடும் என்றார். போனால் போகட்டும் என்றான் அவன். வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னான்.

அவ்வளவுதான். போனை எடுத்து அக்காவின் எண்ணைத் தேடினாள்.

சர்வீஸ்காரர் இழுப்பறையிலிருந்து இரண்டு பசை ட்யூப்புகளை எடுத்தார். ஓர் அட்டைத் துண்டின் மேல் பிதுக்கிக் கலந்தார். புது போர்டின் ஓரத்தில் வயர் சொருகுகிற சதுர ஓட்டை ஒன்றைத் தேடி, அதற்குள் குச்சியால் பசையைத் திணிக்க ஆரம்பித்தார்.

"கொம்பு வெச்சதுல காத்துலயே நெட்டு வந்துடும். இதுல இந்த ஓட்டை ஒண்ணுதான் வழி. நல்லா உள்ள வரைக்கும் அடைங்கண்ணா. நான் மெக்கானிக். லேசா இருந்தா தோண்டிடுவேன்" என்றான் அவன்.

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

பசையைத் துடைத்துக்கொண்டே சர்வீஸ்காரர் இன்னொன்றும் சொன்னார். அரை விரல் நீளத்தில் ஒரு பொருள் விற்கிறது, அதை வேறு ஓட்டையில் சொருகினால் இதிலும் நெட் வரும். அதையும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிடலாம், என்ன பாஸ்வேர்ட் என்று மட்டும் நீங்கள் தட்டிவிடுங்கள் என்றார்.

அவன் விசைப்பலகையை நோக்கிப் போன கையைப் பாதியில் நிறுத்தினான். திரும்பினான். பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவள் நிற்பதைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை அவள் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவன் முகம் இப்படிக் கூசிப் போனதில்லை.

"அவ போடட்டும்" என்றான்.

சொல்லிவிட்டு விலகிப் போய், விற்பனைக்கு மாட்டியிருந்த மானிட்டர்களைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றான்.

அவள் உட்கார்ந்து முதல் எழுத்தைத் தேடினாள். சட்டென்று ஒன்று தோன்றியது. அந்த மானிட்டர்கள் அணைந்து கிடக்கின்றன. கறுப்புக் கண்ணாடியில் இந்த மேசை தெரியாதா?

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியும், இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டுதான் தட்டினாள்.