மாத்த மாட்டேன்!

"மாத்திடுக்கா. இந்த இன்ஜின் செத்துப் போச்சு."

"செத்துப் போச்சுன்னு சொல்ல நீ யாரு, டாக்டரா?" என்று எரிந்து விழுந்தாள் அமலராணி.

பெருங்களத்தூர் ஷெட்டில் அவளுடைய தண்ணீர் லாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெக்கானிக் மோகன்ராஜ் இன்ஜினைக் கழற்றித் தரையில் இறக்கி வைத்திருந்தான். கூத்தைக் கேளுங்கள்: முதுகில் தொட்டி நிறையத் தண்ணீர் தளும்ப, ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வண்டியை விரட்டியிருக்கிறான் டிரைவர் சின்னப்பன். நேற்று சிறுசேரி போகிற வழியில் புகையைக் கக்கிவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டது.

மோகன்ராஜ் டார்ச் அடித்துக் காட்டினான். பிஸ்டன் ஏறி இறங்குகிற துளையின் உள்சுவர் முழுக்கக் கீறல்.

"பாருக்கா, போர் ஃபுல்லா கோடு கோடா கீது. எனுக்குத் தெரிஞ்ச எடத்துல வேற இன்ஜின் ஒண்ணு ரெடியா கீது. தூக்கி உக்கார வெச்சா வண்டி நாளைக்கே ஓடும்."

"அது எவன் வண்டியில கிடந்ததோ, என்ன பாடு பட்டுதோ! என் இன்ஜின் குணம் எனக்குத் தெரியும். பிளாக் வெடிச்சிருக்கா?"

"வெடிக்கல..."

"அப்புறம் என்ன? கீறலைக் கடைஞ்சு எடுத்து, போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டினா ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்க்கா. ஆனா போர் போட லேத்துக்காரன் எவன் சிக்குவான்? திருமுடிவாக்கம் பூரா சுத்திட்டேன், எல்லாம் அடுத்த வாரம்ன்றானுங்கோ. அதுக்குள்ள உன் அபார்ட்மென்ட்டுக்கெல்லாம் வேற லாரி பூந்துடும். பேஜாராயிடும்க்கா."

அந்த பயம் அவளுக்கும் இருந்தது. கோடையில் வண்டி படுத்தால் தொழிலும் சேர்ந்து படுத்துவிடும். அதற்காக விட்டுக்கொடுப்பதா? லாரி வாங்கிய நாளிலிருந்து தொழிலை மாத்து, டிரைவரை மாத்து, நம்பர் ராசியில்லை அதையும் மாத்து என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

"எது கெட்டாலும் மாத்து, மாத்து! எங்க வீட்டுக்காரரையே இருபத்தாறு வருஷமா மாத்தாம ஓட்டிக்கிட்டிருக்கேன். இந்த இன்ஜினை ஓட்ட மாட்டேனா? மாத்த மாட்டேன், போ!"

சொல்லி வாய் மூடவில்லை, வீட்டுக்காரரே போனில் வந்துவிட்டார். ஏசுதாசன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். காலையிலிருந்து கூப்பிட்டபடி இருந்தார், அவள்தான் எடுக்கவில்லை. வண்டி நின்ற விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் "வித்துத் தொலை" என்பார். போதாக்குறைக்கு, அவள் எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு, யாரைக் கேட்டாய் என்று வகுப்பு நடத்துவார்.

"எத்தனை தடவை கூப்பிடறது அமலா? வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேனே, கேட்டியா?"

சின்னப்பன் உளறிவிட்டான் போலிருக்கிறது என்று அமலராணி பல்லைக் கடித்தாள்.

"கேட்டேன், கேட்டேன். எல்லாம் தெரியும்" என்றாள். எங்கே கேட்டாள்?

"மாத்தித்தான் ஆகணும்ங்கறான். நீ என்ன சொல்றே?"

"நீங்களுமா? மாத்தக் கூடாது! போர் போட்டா போதும்."

"போர் போடணுமா? ஏன்..."

"ஆரம்பிச்சுட்டீங்களா! ஜென்மத்துல ஒரே ஒரு தடவை, ஏன் எதுக்குன்னு கேக்காம நான் சொல்றதைச் செய்யுங்க. நானே போர் போட ஆள் கிடைக்காம அல்லாடறேன்."

"ஆளுக்கா பஞ்சம்? என்கிட்ட படிச்ச மெர்வின் அந்த வேலைதானே பாக்கறான்! இன்னைக்கு நம்ம ஏரியாவுலதான் இருக்கான். வரச் சொல்லட்டா?"

அமலராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாத்தியார் வேலையால் இப்படியும் ஒரு லாபமா!

"உடனே வரச் சொல்லுங்க! பீரோவுல கவர் இருக்கு, அதை அவன் கையில குடுத்துடுங்க. சாயங்காலம் நான் வந்து மத்ததைப் பேசிக்கறேன்."

"சரிம்மா. நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாள். போனை வைத்துவிட்டு மோகன்ராஜைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மிதப்பு.

"ஆள் கிடைச்சாச்சு. பிளாக்கைத் துடைச்சு வண்டியில ஏத்து. நீ பிஸ்டனை வாங்கி வை."

சாயங்காலம் குட்டி யானையில் இன்ஜின் பிளாக்கை ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து முடிச்சூர் வந்தாள். தெருவுக்குள் வண்டி நுழைய முடியவில்லை. அவள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, கம்பம் தூக்கிய ராட்சச லாரி ஒன்று தடதடவென்று தரையை அதிர வைத்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறச் சேறு அவளுடைய செம்பருத்திச் செடியை முழுக்காட்டிவிட்டுத் தெருவில் ஓடியது.

தலையிலிருந்து கால்வரை சேறாக, மடித்துக் கட்டிய வேட்டியோடு ஓடி வந்தார் ஏசுதாசன்.

"இருநூறு அடி தாண்டியாச்சு அமலா! பிளம்பர் கிணத்து மோட்டாரை மாத்தினாலே போதும்னான், நீதான் மாத்தக் கூடாது, போர் போடுன்னுட்ட. ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டேனா பாத்தியா!"