தனிஸ்லாஸ் பிடித்துத் தந்த நாலு பேர்

வில்லியனூர் வியாபாரிகள் சங்கத்தில் ஒரு வழக்கம். சக உறுப்பினருக்கு அதிக வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருபவரே அடுத்த தலைவர். அந்த நாற்காலி ஆசையில் ஹார்டுவேர்ஸ் கடை தனிஸ்லாஸ், வீட்டுக்கடன் ஏஜென்ட் சுகந்தியிடம் நாலு குடும்பங்களைக் கூட்டி வந்தார்.

“வட்டி குறைஞ்சிடுச்சு. இப்ப கட்டுற வாடகையிலயே சொந்த வூடு வாங்கிடலாம்!” என்றாள் சுகந்தி.

“இன்னா யோசனை? வாங்குங்கப்பா!” என்று துள்ளினார் தனிஸ்லாஸ்.

நாலு குடும்பமும் சம்மதித்தது. கைதட்டலோடு அவர் தலைவரானார்.

“ஒரே நாள்ல நாலு பேர எங்கண்ணே புடிச்சீங்க?” என்றாள் சுகந்தி.

மாலையும் கழுத்துமாகத் தனிஸ்லாஸ் பெருமையாகச் சிரித்தார். அவர் மனைவி அன்னாள்தான் பதில் சொன்னாள்.

“வேற எங்க? எங்க நாலு வூட்லயும் வாடகைக்கு இருக்கறவங்கதான். தலைவரே, இனிமே நாலுலயும் நீங்களே மாறி மாறிக் குடியிருங்க!”