டி-17

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடுப்பு வலி வந்துகொண்டிருந்தது. காரோ கிளம்ப மறுத்தது. கார் மெக்கானிக்கான ரெஜினா, நிறைமாத வயிற்றோடு முன்னால் சாய்ந்து, ஸ்கேனரைச் செருகிப் பழுதுக் குறியீட்டைப் படித்தாள்.

"டி-17. வண்டியில ஒண்ணுமில்லங்க. ஓட்டுறவர் பயந்துபோயிருக்காராம்."

"எனக்கென்ன பயம்?" என்ற கணவன் சகாயம் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகினான். "அந்தக் குறியீட்டை அழிச்சிடேன்!"

"நீங்கதான் அழிக்கணும்." பல்லைக் கடித்து அடுத்த வலியையும் தாண்டினாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பெறுவது என்று முடிவுகட்டியிருந்தாள். "உங்க மீன் குழம்பு எப்படி வைப்பீங்க? சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சகாயம் திக்கித் திணறித் தொடங்கினான். வெங்காயத்தை வதக்கி, தேங்காயை அரைத்து, புளியைக் கரைக்க வந்தபோது குரல் நிதானப்பட்டது. கார் கிளம்பியது.

"நிறுத்திடாதீங்க," என்றாள் ரெஜினா. "ஆஸ்பத்திரி வாசல்லதான் மீனைப் போடணும்."