ஒன்றரை மணி நேரப் பாதுகாப்பு

உங்கள் ஆர்டர் போர்ட்டல் தினமும் ஒன்றரை மணி நேரம் எதற்காக மூடிக் கிடக்கிறது என்று திரையிலிருந்த வில்லெம் கேட்டதும், கிருஷ்ணப்ரியா ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தாள்.

அதுவும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நேரத்தில். மனிதர் ஒரு மாதக் கணக்கையே அட்டவணையாகப் போட்டுக் காட்டினார்.

வில்லெம் ஒன்றும் குசலம் விசாரிக்க வரவில்லை. பம்ப் உதிரி பாகம் வாங்கும் ராட்டர்டாம் கம்பெனியின் தணிக்கையாளர். அவர் தலையசைத்தால் இரண்டு வருட ஆர்டர் புனேவில் இருக்கும் இவர்களுக்கு. உதட்டைப் பிதுக்கினால் வியட்நாம் கம்பெனிக்கு.

பக்கத்து நாற்காலியில் முதலாளி ராமநாதன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து, புனே கேம்ப் பகுதியில் இந்த அலுவலகத்தைப் பிடித்து, முப்பது வருடம் ஃபேக்ஸிலும் போனிலுமே ஏற்றுமதி செய்தவர்.

அவரை ஆன்லைனுக்குக் கொண்டுவர கிருஷ்ணப்ரியா மூன்று வருடம் மன்றாடியிருக்கிறாள். போட்டிக் கம்பெனிகளைக் காட்டினாள். அரசுச் சலுகையைக் காட்டினாள். செலவு குறைவதைப் படம் போட்டே காட்டினாள்.

அசைந்தால்தானே! கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அந்த நிபந்தனைதான் இப்போது வில்லெமின் அட்டவணையில் சிவப்புக் கட்டங்களாக நின்றது.

காரணத்தைச் சொன்னால் வில்லெம் சிரித்துவிட்டு வியட்நாமுக்குப் போய்விடுவார். பொய் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

சரி, உண்மையை மட்டும் பேசுவோம், ஆனால் கொஞ்சமாகப் பேசுவோம் என்று முடிவு செய்தாள்.

அந்த நேரத்தில் நாங்கள் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை, அது எங்கள் பாதுகாப்பு விதி என்றாள்.

வில்லெம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுத்தது யார்? கணக்கில் கெட்டிக்காரர்கள். சோதித்துப் பார்த்ததா? பல லட்சம் பேர், பல வருடங்களாக.

நேரம் மாறிக்கொண்டே இருந்தால் இணையத் திருடர்களால் ஊகிக்க முடியாது, அதற்குத்தானே என்று அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்துக் கொடுத்தார். கிருஷ்ணப்ரியா மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. புன்னகைத்து வைத்தாள்.

வில்லெம் அப்போதே ஒப்புதல் கொடுத்துவிட்டார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு விட்டாரா? இவ்வளவு அருமையான ஏற்பாடு தங்களுக்கு வேறு சாமான் தரும் எல்லோரிடமும் இருக்க வேண்டும், அந்த வியட்நாம் கம்பெனிக்கும் இன்றைக்கே அனுப்ப உங்கள் நேரப் பட்டியலைக் கொடுங்கள் என்றார்.

ராமநாதனின் முகம் சுருங்கியது. போட்டிக்காரனுக்கும் நம் ஏற்பாடு போகிறதே என்ற எரிச்சல்தான் என்று அவள் நினைத்தாள்.

அவர் எட்டி மைக்கை அணைத்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"அம்மிணி, நம்ம டைமை அப்படியே குடுத்துராதே. ராகுகாலம் அந்தந்த ஊர்ல பொழுது கெளம்பறதப் பொறுத்தல்ல மாறும்? அவிங்களுக்கு எப்பக் கெளம்புதுன்னு கேட்டு, திருத்திக் குடு. நம்மளால ஒருத்தன் கெட்டுப்போகக் கூடாது பாரு."