பிழியாத துணி

ஆஸ்பத்திரிப் பையை இறக்கிவைக்காமலே தையல்காரி பால்கனிக் கதவைத் திறக்கிறாள். பூட்டிக் கிடந்த வீடு. பெயிண்ட் வாளியில் வைத்த தக்காளிச் செடி கருகியிருக்கும் என்று வழியெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தவள். செடியோ மாலை வெயிலில் தளதளவென்று நிற்கிறது. இலை மறைவில் முதல் பழம் சிவந்திருக்கிறது. மேல்வீட்டுக் கொடியில் தொங்கும் போர்வையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாய் வாளிக்குள் விழுகிறது. இந்தச் சொட்டுக்காகத்தான் முன்பு இரண்டு வீடும் வாய் கிழியச் சண்டை போட்டன. “அக்கா!” என்றதும் மேலே ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. “வந்துட்டியாடி? மேலேருந்து ஊத்தினா செடி ஒடிஞ்சிடும்னு, சோப்பு போக நல்லா அலசி, பிழியாமலே காயப்போட்டேன். எங்க வீட்டுக்காரர் ஈரச் சட்டையோடதான் வேலைக்குப் போறார்!” சிரித்தால் ஆபரேஷன் செய்த வயிறு சுள்ளென்று வலிக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிக்கிறாள். பழத்தைப் பறித்து உயர்த்திக் காட்டி, “கயித்துல கூடையை இறக்குங்கக்கா,” என்கிறாள்.