நாற்பதாவது நிமிடத்தில் கைதட்டல்

ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து போலந்தில் இருக்கும் எங்கள் ஊர் கட்டோவிட்சேவுக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். சக்கரம் தரையைத் தொட்டதும் போலந்துக்காரர்களான நாங்கள் கைதட்டுவோம். என் மனைவி பொஷேனாதான் எப்போதும் முதல் ஆள்.

அன்று, கிளம்பிய நாற்பதாவது நிமிடத்தில் அவள் தட்டினாள். விமானம் முழுவதும் தட்டியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் மட்டும் இருந்தது.

"எந்திரி லெஷெக். ஊர் வந்ததுகூடத் தெரியாம உக்காந்திருக்கே."

"எங்கடி வந்துச்சு? இன்னும் மேலதானே பறக்குது!"

"ஆமா, நீ எப்பவும் கடைசி ஆளாத்தான் இறங்குவே." சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினாள்.

எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. கதவருகே பணிப்பெண் ஒவ்வொருவரிடமும் "போய்ட்டு வாங்க" என்றாள். கதவு மூடியேதான் இருந்தது. ஆனாலும் வரிசை குறைந்துகொண்டே வந்தது.

நான் பொஷேனாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடுப்பா, வலிக்குது. எல்லாரும் போயாச்சு. நமக்காகத்தான் அந்தப் பொண்ணு காத்திருக்கு."

பணிப்பெண் எங்கள் இருக்கைக்கு வந்தாள். குனிந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக, மிக மென்மையாகப் பிரிக்கத் தொடங்கினாள்.