மூன்றாம் பகுதியின் மேளம்

"நத்தாருக்குத்தான் போடுவன். நீ நாளைக்கே போறதெண்டா நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, அலுமாரிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் ஹேர்பர்ட்.

மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த பிரட்லி அவருடைய தம்பி மகன். அவன் ஒன்றும் சொத்தில் பங்கு கேட்கவில்லை. அலுமாரிக்குள் இருக்கும் பழைய இசைத்தட்டை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்றுதான் நான்கு நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

ஜேர்மன்காரர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பு எழுதிய நீண்ட சிம்பொனி அது. வாசித்தது ஒரு பெரிய இசைக்குழு. தட்டு கீறிவிடும், ஊசி தேய்ந்துவிடும் என்ற பயத்தில் ஹேர்பர்ட் அதை இயேசு பிறந்த நத்தார் நாளில் மட்டும்தான் வெளியே எடுப்பார். சுனாமி அன்று கடலோரத்து டச்பார் வீட்டிலிருந்து ஓடியபோதும் இந்தத் தட்டைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மனைவி கொன்ஸ்டன்ஸ் தன்பாட்டில் ஓடித் தப்பினார். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அந்தக் கடலோடு பிரட்லியின் வீடும் போயிற்று. குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பிள்ளை யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஹேர்பர்டுக்கு மனம் கேட்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி, தட்டைச் சுழலவிட்டு, எதிரே கசெட் ரெக்கோடரை வைத்துப் பதிந்து அனுப்பினார். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சண்டை மூண்டு ஷெல்லடி நடந்த காலம் அது. தபால் ஒழுங்காக ஓடவில்லை. கசெட் மெல்பேர்ண் போய்ச்சேர மாதக்கணக்காயிற்று.

பதிவு சுத்தமானது என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் காகம் கரையும், இன்னோரிடத்தில் கொன்ஸ்டன்ஸ் தும்முவார். ஆனால் மூன்றாம் பகுதியில் வயலின்கள் மெல்ல இழைந்துகொண்டிருக்கும்போது, யாரும் எதிர்பாராத நேரத்தில் பெரிய மேளம் ஒன்று விழும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதைக் கேட்டுத்தான் பிரட்லி அறையை விட்டு வெளியே வந்தான். அதைக் கேட்டுத்தான் மேளம் படிக்கவும் சேர்ந்தான்.

இப்போது அதுவே வில்லங்கமாகிவிட்டது. இசைக் கல்லூரிக் குழுவில் அதே சிம்பொனியை வாசிக்கப் போகிறார்கள். ஒத்திகையில் பிரட்லி தன் கசெட்டில் உள்ளபடியே அடித்தான். ஆசிரியர் வாசிப்பை நிறுத்திவிட்டு, உலகத்தில் எவனும் அந்த இடத்தில் அப்படி அடித்ததில்லை என்றார். அடித்திருக்கிறார்கள் என்று இவன் ஒற்றைக் காலில் நின்றான். அப்படியானால் அந்தப் பதிவைக் கொண்டுவந்து காட்டு, இல்லாவிட்டால் குழுவில் உனக்கு இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

கசெட்டை ரெக்கோடர் எப்போதோ தின்றுவிட்டது. அந்தத் தட்டு இப்போது கடைகளிலும் கிடையாது. வேறு குழுக்களின் பதிவுகளை வாங்கிக் கேட்டான், எதிலும் அந்த அடி இல்லை. அவர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் மட்டக்களப்புக்கு விமானம் ஏறினான்.

இவ்வளவையும் கேட்டும் ஹேர்பர்ட் அசையவில்லை. கடைசியில் கொன்ஸ்டன்ஸ்தான் குறுக்கே வந்தார்.

"கடலுக்குக் குடுக்காம கொண்டுவந்தீங்க, சரி. புள்ளைக்குக் கேக்கவும் குடுக்க மாட்டீங்களா? சாவியக் குடுங்க கா."

சாவி வெளியே வந்தது. தட்டு வெளியே வந்தது. உறையில் இசைக்குழுவின் படம் இருந்தது. பின்வரிசையில் மேளங்களுக்கு நடுவே நின்ற மொட்டைத்தலைக்காரரைப் பிரட்லி விரலால் தொட்டான்.

"இவர்தான் அங்கிள். என்ட வாழ்க்கைய மாத்தின மனுசன்."

இத்தனை வருடம் அந்த மொட்டைத்தலையைக் கவனிக்காமல் விட்டதற்காக ஹேர்பர்ட் கொஞ்சம் வெட்கப்பட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரியாதையாக ஒரு தடவை பார்த்தார்.

பிரட்லி பதிவு செய்யக் கைத்தொலைபேசியைத் தயாராக வைத்தான். ஹேர்பர்ட் மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்கினார். முதல் பகுதி போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாம் பகுதியில் வயலின்கள் மெல்ல இழையத் தொடங்கின. பிரட்லி கண்ணை மூடி, முழங்காலில் அடிப்பதற்கு இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

வயலின்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. உயர்த்திய கைகள் உயர்த்தியபடியே நின்றன.

ஊசியைப் பின்னுக்கு எடுத்து மறுபடியும் வைத்தார்கள். சத்தத்தைக் கூட்டினார்கள். பிரட்லி ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்தே கேட்டான். வயலின்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஹேர்பர்டுக்கு முகம் செத்துப்போயிற்று. தட்டைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடல் தண்ணீர்தான் எங்கோ பட்டு, இவ்வளவு காலத்துக்குப் பிறகு வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தார்.

பிரட்லிக்குக் கண் கலங்கிவிட்டது. வெறுங்கையோடு போய் ஆசிரியரின் முகத்தில் எப்படி விழிப்பது? குழுவில் இடம் போனதைவிட, தன்னைப் பொய்யன் என்று எல்லாரும் நினைக்கப் போவதுதான் அவனைச் சுட்டது.

"நான் பொய் சொல்லல்ல அங்கிள். எத்தினை தரம் கேட்டிருக்கன். அந்த மேளம் எங்க போன?"

தேநீரோடு வந்த கொன்ஸ்டன்ஸ், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் அவனைப் பார்த்தார்.

"இப்ப எப்பிடி மனே கேக்கும்? சண்டதான் முடிஞ்சிட்டே."